நவ் ஷப்பெல் முதல் ரிக்வால் வரை

லில் நகரை விட்டுத் தென்மேற்கு நோக்கிச் செல்லும் சாலை, மேடென்றும் பள்ளமென்றும் சொல்ல ஏதுமில்லாத சமவெளியில், உருளைக்கிழங்கு வயல்களுக்கும் சர்க்கரைக்காகப் பயிரிடும் பீட்கிழங்கு வயல்களுக்கும் நடுவே நீண்டு கிடக்கிறது. வயலோரங்களில் எல்லாம் வாய்க்கால்கள். அவற்றில் அசையாமல் நிற்கும் கலங்கல் நீர். இரண்டு மூன்று அடி தோண்டினாலே ஊற்றுக் கண்டுவிடும் இந்தப் பூமியில்தான், 1914ஆம் வருஷத்துக் குளிர்காலத்தில், பஞ்சாபிலிருந்தும் கர்வாலிலிருந்தும் நேபாளத்திலிருந்தும் கப்பலேறி வந்த சிப்பாய்கள் முழங்கால் சேற்றில் நின்றார்கள். குழி தோண்ட முடியாத இடங்களில் மணல்மூட்டைகளைச் சுவராக அடுக்கி, அதுவரை கண்டறியாத குளிரிலும் பாஷை தெரியாத தேசத்திலும் இரவு பகலாகக் காவல் காத்தார்கள்.

நான் இந்தப் பிரதேசத்துக்கு வந்தது ஒரு கேள்வியின் உந்துதலால். முதல் உலக மகாயுத்தத்தைப் பற்றி நாம் படிப்பவற்றில் இரண்டு சித்திரங்கள் உண்டு. ஒன்று, முள்கம்பி வேலியையும் இயந்திரத் துப்பாக்கியையும் நோக்கி ஆயிரம் ஆயிரமாக மனிதர்களை நடக்கவிட்டுச் சாகவைத்த சேனாதிபதிகளின் சித்திரம். மற்றொன்று, 1918ஆம் வருஷத்தின் கடைசி நூறு நாட்களில், அதே சேனாதிபதிகள் அதே சேனையை நடத்தி, அசைக்கவே முடியாது என்று உலகம் நினைத்திருந்த ஜெர்மன் அரண்களை ஒன்றன்பின் ஒன்றாக உடைத்து வெற்றி கண்ட சித்திரம். இரண்டும் மெய்யென்றால் நடுவே என்ன நிகழ்ந்தது? அதை அந்த மண்ணின்மீது நடந்தே பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது. வழித்துணையாக இரண்டு பெயர்களை மனத்தில் இருத்திக்கொண்டேன். ஒன்று ஸர் ஹென்றி ராலின்ஸன் என்ற சேனாதிபதியின் பெயர். மற்றொன்று ஆங்கிலேயரின் 46ஆவது டிவிஷன் என்ற படைப்பிரிவின் பெயர். முதல் தோல்விகளிலும் கடைசி வெற்றியிலும் இவ்விரு பெயர்களும் வருகின்றன.

நவ் ஷப்பெல் கிராமத்துக்கு அருகே, நாற்சந்தியின் ஓரத்தில், இந்தியச் சிப்பாய்களின் ஞாபகார்த்தம் நிற்கிறது. வட்டமான வெள்ளைச் சுவர். சுவரின் ஒரு பாதியில் நம் நாட்டுச் சிற்பிகள் செதுக்குவதைப் போன்ற கல் ஜாலி வேலைப்பாடு. நடுவே சுமார் 15 மீட்டர் உயரமுள்ள தூண். தூணின் சிரத்தில் தாமரை. அடிவாரத்தில் காவல் இருக்கும் இரண்டு கற்புலிகள். அசோக சக்கரவர்த்தி நாட்டிய ஸ்தம்பங்களின் ஞாபகம் வராமல் இந்தியன் எவனும் அதைப் பார்க்க முடியாது. புது டில்லியின் செக்ரடேரியட் மாளிகைகளை அமைத்த ஹெர்பர்ட் பேக்கரே இதையும் அமைத்தார். 1927 அக்டோபரில் திறந்துவைக்கப்பட்டது. உடல் கிடைக்காமலே போன 4,700க்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் சுவரில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. ரெஜிமெண்ட் வாரியாக அவற்றைப் படித்துக்கொண்டே நடந்தேன். நேகி, ராவத், தாபா, குருங், ஸிங், கான் என்று பெயர்கள் வரிசை வரிசையாக வந்துகொண்டேயிருந்தன. எத்தனையோ வீடுகளில் எழுத்தறியாத தாய்மார்கள் தபால்காரன் வாயால் கேட்டறிந்த செய்தி இந்தச் சுவரில் கல்லாக நிற்கிறது.

1915 மார்ச் 10ஆந் தேதி காலை ஏழரை மணிக்கு, சுமார் 340 பீரங்கிகள் ஒரே சமயத்தில் இந்தச் சிறிய கிராமத்தின்மீது நெருப்பைக் கக்கத் தொடங்கின. பதுங்குகுழிகளில் அமர்ந்துகொண்ட எதிரியைத் திட்டமிட்டுத் தாக்க ஆங்கிலேயர் செய்த முதல் பெரிய முயற்சி அது. ஆகாய விமானங்களிலிருந்து எடுத்த புகைப்படங்களைக் கொண்டு எதிரியின் குழிகளையெல்லாம் தேசப்படத்தில் குறித்து வைத்திருந்தார்கள். சரியாக 35 நிமிஷம் குண்டுமாரி. பிறகு காலாட்படை எழுந்து ஓடியது. கர்வாலிகளும் கூர்க்காக்களும் ஆங்கிலேயரும் அன்று முற்பகலுக்குள் கிராமத்தைக் கைப்பற்றிவிட்டார்கள். ஆனால் இடப்பக்கத்து ஓரத்தில், முந்திய நாள்தான் வந்து சேர்ந்த பீரங்கிகளுக்குக் குறி சரிபார்க்க அவகாசமில்லாமற் போயிற்று. அங்கே முள்கம்பி அறுபடவில்லை, எதிரியின் துப்பாக்கி ஓயவில்லை, முன்னேறிய இரண்டு பட்டாளங்கள் வேலியின்மீதே மடிந்தன. வலப்பக்கத்தில் திசை தவறிய ஒரு கர்வாலிப் பட்டாளத்துக்கும் இதே கதி. குண்டு விழுந்த இடத்தில் வெற்றி, விழாத இடத்தில் மரணம் என்ற விதி அந்த ஒரு காலைப்பொழுதிலேயே எழுதப்பட்டுவிட்டது.

அதற்குப் பின் நடந்ததும் கவனிக்கத் தக்கது. டெலிபோன் கம்பிகள் குண்டுகளால் அறுந்து போயின. முன்னணியில் வழி திறந்து கிடக்கிறது என்ற சங்கதி பின்னால் இருந்த தளபதிக்கு எட்டவும், தளபதியின் உத்தரவு மீண்டும் முன்னணிக்கு வந்து சேரவும் பல மணி நேரமாயிற்று. மறுபடி முன்னேறியபோது சூரியன் அஸ்தமிக்கும் தருணம். அதற்குள் ஜெர்மானியர் புதிய அரணும் புதிய படையும் சித்தமாக்கிவிட்டார்கள். மூன்று நாளில் சுமார் 11,600 பேர் மாண்டோ காயமுற்றோ போனார்கள். அவர்களில் நாலாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இந்தியப் படையினர். இங்கே ஆங்கிலேயப் படைப்பிரிவை நடத்தியவர் ராலின்ஸன். சேனையைக் கொண்டுவரத் தாமதித்ததற்காகத் தமக்குக் கீழிருந்த ஒரு தளபதியின்மீது முதலில் அவர் குற்றம் சாட்டினார். பிறகு பொறுப்பு தம்முடையதே என்று ஒப்புக்கொண்டார். அந்தச் சண்டை முடிந்த சில நாட்களுக்குள் அவர் எழுதிய கடிதங்களில் தெளிவான ஒரு கருத்து காணப்படுகிறது: எதிரியின் வரிசையில் ஒரு துண்டை மட்டும் பிடிக்க வேண்டும், அதை உறுதியாக வைத்துக்கொள்ள வேண்டும், மீட்க வரும் எதிரியைப் பீரங்கியால் அழிக்க வேண்டும்; ஒரே பாய்ச்சலில் எல்லாவற்றையும் பிளந்துவிடலாம் என்று எண்ணலாகாது. இவ்வளவு தெளிவாகக் கண்டவர், பதினாறு மாதம் கழித்துச் சோம் நதிக்கரையில் என்ன செய்தார் என்பதை நினைக்கையில் மனம் கனக்கிறது.

தெற்கே போகப் போகச் சமவெளியின் நடுவே கருத்த கூம்பு மலைகள் தலை நீட்டுகின்றன. அவை இயற்கை மலைகள் அல்ல; நூறாண்டுக்கு மேலாக நிலக்கரிச் சுரங்கங்களிலிருந்து வெட்டிக் கொட்டிய கழிவுக் குவியல்கள். அவற்றின் அடிவாரத்தில், இப்போது உழவு நடக்கும் சாதாரண வயலொன்றில், ஜெர்மானியர் ‘ஹோஹென்ஸொல்லர்ன்’ என்ற ராஜவம்சத்தின் பெயரால் வழங்கப்பட்ட கொத்தளம் ஒன்றை அமைத்திருந்தார்கள். 1915 அக்டோபர் 13ஆந் தேதி பிற்பகலில் அதைத் தாக்கியது 46ஆவது டிவிஷன். மத்திய இங்கிலாந்தின் ஸ்டாஃபர்ட், லெஸ்டர், லிங்கன், நாட்டிங்காம், டெர்பி ஜில்லாக்களிலிருந்து வந்தவர்கள் அவர்கள். மட்பாண்டச் சூளைகளிலும் நிலக்கரிச் சுரங்கங்களிலும் செருப்புத் தொழிற்சாலைகளிலும் வேலை செய்து, ஓய்வு நேரங்களில் பயிற்சி பெற்ற உள்ளூர்ப் படையினர். 3,700க்கும் மேற்பட்டோர் அன்று விழுந்தார்கள். அவர்களில் பெரும்பகுதி தாக்குதலின் முதல் சில நிமிஷங்களிலேயே விழுந்தது. கொத்தளத்தின் ஒரு பகுதியைத் தவிர அவர்கள் பெற்றது ஒன்றுமில்லை.

விமிக் குன்று அங்கிருந்து அதிக தூரமில்லை. மேற்கிலிருந்து ஏறினால் சரிவு என்று தெரியாதபடி மெல்ல உயர்ந்து, உச்சியில் சட்டென்று கிழக்கே இறங்கி, லான்ஸ் நகரத்துச் சமவெளி முழுவதையும் காலடியில் காட்டும் இடம். கனடா தேசத்தின் ஞாபகார்த்தம் அந்த உச்சியில் இருக்கிறது. வால்டர் ஆல்வர்ட் என்ற சிற்பி வெண்சுண்ணக் கல்லில் அமைத்த இரட்டைக் கோபுரங்கள். அவற்றின் முன்னே, தலைகவிழ்ந்து நிற்கும் ஒரு ஸ்திரீயின் சிலை, புத்திரர்களை இழந்த கனடாவாக. சுவரில் 11,285 பெயர்கள். குன்றைச் சுற்றிலும் பைன் மரக்காடு. மரங்களுக்கு அடியில் தரை முழுவதும் குண்டுக் குழிகளின் மேடு பள்ளம், பச்சைப் புல் போர்த்திக் கிடக்கிறது. வேலிக்கு அப்பால் மனிதர் கால் வைக்கக் கூடாது. வெடிக்காத குண்டுகள் இன்னும் உள்ளே இருக்கின்றன. புல்லை மேய்ந்து ஒழுங்கு செய்யும் வேலை ஆடுகளிடம் விடப்பட்டிருக்கிறது.

1915ஆம் வருஷத்தில் பிரெஞ்சுக்காரர் இந்தக் குன்றைப் பிடிக்க முயன்று லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்களை இந்தச் சுற்றுவட்டாரத்தில் இழந்தார்கள். 1917 ஏப்ரல் 9ஆந் தேதி, ஈஸ்டர் திங்கட்கிழமை, பனியும் ஆலங்கட்டியும் கலந்து வீசிய விடியற்காலையில், கனடாவின் நான்கு டிவிஷன்களும் முதல் தடவையாக ஒன்றுகூடித் தாக்கி, நாலே நாளில் இதைப் பிடித்தன. என்ன மாறிற்று என்பதை அறிய விரும்புகிறவன் இங்கே நெடுநேரம் நிற்க வேண்டும்.

ஆர்தர் கர்ரி என்பவர், யுத்தத்துக்கு முன்பு கனடாவின் மேற்குக் கரையில் வீடு நிலம் விற்றுக் கொடுக்கும் தொழில் செய்தவர். அப்போது ஒரு டிவிஷனின் தளபதி. 1917 ஜனவரியில் அவரை வெர்டூனுக்கு அனுப்பி, அங்கே பத்து மாதம் ரத்தம் சிந்திய பிரெஞ்சுக்காரர் என்ன கற்றிருக்கிறார்கள் என்று கேட்டுவரச் சொன்னார்கள். கர்ரி உயர் தளபதிகள் சொன்னதைக் கேட்டதோடு நிற்கவில்லை. கீழ்நிலை அதிகாரிகளையும் தனித்தனியே விசாரித்து, மேலே சொன்னது கீழே நடந்ததா என்று ஒப்பிட்டுப் பார்த்தார். அவர் திரும்பிவந்து எழுதிய அறிக்கையின் சாரம் இது: கடைநிலைச் சிப்பாய்க்கும் தான் போகவேண்டிய இடம் எது என்று தெரிந்திருக்க வேண்டும், தேசப்படத்தில் கோடு கிழித்து இலக்கு வைக்காமல், கண்ணால் காணக்கூடிய மேடு, தோப்பு, சாலை ஆகியவற்றை இலக்காக வைக்க வேண்டும், சிறு குழுக்கள் தாமாகவே முடிவு செய்து சுற்றி வளைத்துப் போகக் கற்க வேண்டும். அவ்விதமே, பின்னால் இருந்த வயல்களில் நாடாக்களை விரித்து எதிரியின் குழிகளை அப்படியே அடையாளமிட்டு, கனடியர் வாரக்கணக்கில் ஒத்திகை பார்த்தார்கள். அதுகாறும் அதிகாரிகள் மட்டுமே கண்டிருந்த தேசப்படங்கள் ஆயிரக்கணக்கில் அச்சாகிச் சாதாரணச் சிப்பாய்களின் கைக்கு வந்தன. ‘பிளாட்டூன்’ என்ற சிறு பிரிவு, துப்பாக்கி வீரர், கைக்குண்டு எறிவோர், லூயிஸ் இயந்திரத் துப்பாக்கிக்காரர், துப்பாக்கியால் குண்டெறிவோர் என்று நான்கு கூறாகப் பிரிக்கப்பட்டது. ஒரு கூறு எதிரியைத் தலையெடுக்க விடாமல் சுட, மற்றொரு கூறு பக்கவாட்டில் போய்த் தாக்கும் முறை அப்பொழுதுதான் எல்லாப் பட்டாளங்களுக்கும் பொதுவாயிற்று.

பீரங்கிப் போரில் நேர்ந்த மாற்றம் இதனினும் பெரிது. காலாட்களுக்கு முன்னே குண்டுகளால் ஒரு திரை விழும்; மூன்று நிமிஷத்துக்கு நூறு கெஜம் வீதம் அது நகரும்; அதன் பின்னாலேயே வீரர்கள் நடக்க, எதிரி நிலவறையிலிருந்து தலை நீட்டுமுன் அவனுடைய குழியின் விளிம்பில் இவர்கள் நிற்பார்கள். எதிரியின் பீரங்கிகளைக் கண்டுபிடிக்க ஒரு புது வித்தையும் வந்தது. லாரன்ஸ் பிராக் என்ற இளம் பௌதிக விஞ்ஞானி, தந்தையோடு சேர்ந்து 1915ஆம் வருஷத்து நோபல் பரிசு பெற்றவர், அப்போது வயது இருபத்தைந்து; பீரங்கி வெடிக்கும் ஓசை பல இடங்களில் வைத்த ஒலிவாங்கிகளை வெவ்வேறு கணத்தில் வந்தடைவதைக் கணக்கிட்டு, அந்தப் பீரங்கி நிற்கும் இடத்தைக் கண்டறியும் முறையை அவர் உருவாக்கினார். சாதாரண ஒலிவாங்கிகள் பீரங்கியின் தாழ்ந்த முழக்கத்தை விட்டுவிட்டு மற்றச் சந்தடிகளையெல்லாம் பதிந்தன; டக்கர் என்ற அவருடைய சகா, சூடேற்றிய மெல்லிய பிளாட்டினக் கம்பி காற்றின் அதிர்வால் குளிர்வதைக் கொண்டு அந்தக் குறையைத் தீர்த்தார். விமியில் ஜெர்மன் பீரங்கிகளில் பெரும்பாலானவற்றின் இடம் தாக்குதலுக்கு முன்பே தெரிந்திருந்தது. பிராக்கின் தம்பி 1915இல் கலிப்பொலி யுத்தத்தில் மாண்டவர் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். அந்த விஞ்ஞானம் துக்கம் அறியாத வீட்டில் பிறந்ததல்ல.

இவ்வளவு சிரத்தை எடுத்தும் விமியில் 3,598 கனடியர் இறந்தார்கள். சுண்ணாம்புப் பாறையில் குடைந்த சுரங்கப் பாதைக்குள் என்னை அழைத்துச் சென்ற கனடிய மாணவி, இந்த எண்ணைச் சொன்னபோது குரலைத் தாழ்த்தவுமில்லை, உயர்த்தவுமில்லை. சொல்லிவிட்டு நாங்கள் எல்லோரும் அதை உள்வாங்கிக்கொள்ளும்வரை காத்திருந்தாள். தாக்குதலுக்கு முன் அந்தச் சுரங்கத்தில் தோளோடு தோள் உரச நின்றவர்கள் தங்கள் பெயரையும், மேப்பிள் இலையையும் சுண்ணாம்புச் சுவரில் கீறி வைத்திருக்கிறார்கள்.

அராஸ் நகரைக் கடந்து தெற்கே சென்றால் சோம் யுத்தபூமி தொடங்குகிறது. காலம் பின்னோக்கிப் போகிறது. விமியில் 1917ஐக் கண்டவன் இங்கே 1916க்குள் நுழைகிறான். முதலில் வருவது கொம்மெகூர் கிராமம். 1916 ஜூலை முதல் தேதி, பிரதானத் தாக்குதலிலிருந்து எதிரியின் கவனத்தைத் திருப்புவதற்காக, எல்லா ஏற்பாடுகளையும் எதிரி பார்க்கும்படியே செய்துகொண்டு, இங்கே இரண்டு டிவிஷன்கள் தாக்கின. அவற்றுள் ஒன்று 46ஆவது. ஹோஹென்ஸொல்லர்ன் நாளுக்குப் பிறகு புதிதாக ஆள் சேர்த்து நிரப்பப்பட்ட அந்தப் படை, அறுபடாத வேலியின் முன் நின்றுபோயிற்று. அன்று தாக்கிய டிவிஷன்களிலே உயிர்ச்சேதம் குறைவாக இருந்தது இதற்குத்தான். அதுவே குற்றமாயிற்று. போர்க்குணம் இல்லாத படை என்ற அவப்பெயரை அதன்மேல் சுமத்தி, அதன் தளபதியை வீட்டுக்கு அனுப்பினார்கள். மாண்டவர் எண்ணிக்கையைக் கொண்டு வீரத்தை அளந்த அந்த மனோபாவத்தை எந்தக் காலத்துச் சூழ்நிலையைச் சொல்லியும் என்னால் மன்னிக்க இயலவில்லை.

போமோன் ஹாமெலில், நியூபவுண்ட்லாந்து தீவினரின் பூங்காவில், பதுங்குகுழிகள் புல் மூடிய நிலையில் அப்படியே விடப்பட்டிருக்கின்றன. மேட்டின்மீது வெண்கலக் கரிபூ மான் ஒன்று தலையுயர்த்திக் கூவும் பாவனையில் நிற்கிறது. அங்கிருந்து பார்த்தால் முழு யுத்தகளமும் ஒரு பார்வையில் அடங்கிவிடும். இவ்வளவு சிறிய இடமா என்று திகைப்புண்டாகிறது. ஏழு நாள் குண்டுவீச்சு, 15 லட்சத்துக்கும் மேற்பட்ட குண்டுகள். ஆயினும் முன்னணியின் நீளத்தோடும் ஆழத்தோடும் வகுத்துப் பார்த்தால், கெஜத்துக்குக் கெஜம் நவ் ஷப்பெலில் விழுந்ததைவிடக் குறைவு. ராலின்ஸன் சிறு துண்டாகப் பிடிக்கவே திட்டம் தந்திருந்தார், பிரதம சேனாதிபதி ஹேய்க், இன்னும் ஆழமாகப் போகவேண்டும் என்று இலக்கை விரித்தார், ராலின்ஸன் இணங்கினார். குண்டுகளில் பெரும்பகுதி ஆழமான நிலவறைகளை உடைக்கத் திறனற்ற ‘ஷ்ராப்னல்’ வகை, கணிசமானவை வெடிக்கவேயில்லை. ஜெர்மானியர் சுண்ணாம்புப் பாறையில் முப்பது அடி ஆழத்தில் குடைந்த நிலவறைகளில் பத்திரமாக இருந்தார்கள். பக்கத்திலிருந்த ஹாதார்ன் மேட்டுக்கு அடியில் வைத்த சுரங்க வெடியை, தாக்குதலுக்குப் பத்து நிமிஷம் முன்பாக, ஏழு மணி இருபது நிமிஷத்துக்கே வெடிக்கச் செய்ததால், எதிரிக்கு முன்னறிவிப்பும் கிடைத்தது.

நியூபவுண்ட்லாந்து ரெஜிமெண்ட் புறப்பட்டது ஒன்பதே கால் மணிக்கு. முன்னே செல்லும் குழிகள் பிணங்களாலும் காயம்பட்டவர்களாலும் அடைந்து கிடந்தமையால், பின்வரிசையிலிருந்தே திறந்த வெளியில் நடந்து, தங்கள் சொந்த வேலியின் இடைவெளிகளை அடைவதற்குள்ளாகவே பலர் மாண்டார்கள். சுமார் 800 பேர் புறப்பட்டார்கள். மறுநாள் பெயர் கூப்பிட்டபோது பதில் சொன்னவர்கள் 68 பேர். சரிவின் நடுவே, பட்டுப்போன ஒற்றை மரம் நின்ற இடத்தைக் காட்டுகிறார்கள். அதைக் கடந்தவர் மிகச் சிலர். இன்றும் அந்தத் தீவில் ஜூலை முதல் தேதி காலையில் நீலநிற மறவாமைப் பூவை அணிந்து துக்கம் காப்பது வழக்கம். கனடாவின் தேசியக் கொண்டாட்டமும் அதே நாளில் வருவதால், காலையில் அழுது பிற்பகலில் கொண்டாடுகிறார்கள். அந்த ஒரு நாளில் பிரிட்டிஷ் சேனையின் சேதம் 57,470. அதில் மாண்டவர்கள் 19,240.

ஆங்கர் ஓடையைத் தாண்டித் தியெப்வால் மேட்டில் ஏறினால், செங்கல்லும் வெண்கல்லுமாக எட்வின் லட்யன்ஸ் எழுப்பிய பிரம்மாண்டமான வளைவு எதிர்ப்படுகிறது. வளைவுக்குள் வளைவாக அடுக்கிய பதினாறு தூண்கள். தூண்களின் முகமெல்லாம் 72,000க்கும் மேற்பட்ட பெயர்கள். புது டில்லியில் இந்தியா கேட்டை அமைத்த கரம் இதுவே என்பதை அறிய அதிக நேரம் ஆகவில்லை. ஒரு சாம்ராஜ்யம் தன் தலைநகரத்தைக் கட்டுவித்த அதே இரண்டு சிற்ப நிபுணர்களைக்கொண்டே தன் பிரேதங்களின் பெயர்களையும் எழுதுவித்தது என்ற எண்ணம் நெடுநேரம் என்னை விட்டு அகலவில்லை.

சோமில் கற்றவற்றையும் சொல்லவேண்டும். முதல் தேதியன்றே தெற்குக் கோடியில் பிரெஞ்சுக்காரர் கனரகப் பீரங்கிகளைத் திரளாகக் கொண்டும், வெர்டூனில் பழகிய சிறு குழு முறையாலும் வெற்றி கண்டார்கள். ஜூலை 14ஆந் தேதி ராலின்ஸன் இருளில் படையை எதிரிக்கு அருகே கொண்டுபோய், ஐந்தே நிமிஷக் குண்டுமாரிக்குப் பின் விடியலில் தாக்கினார், வெற்றி பெற்றார். செப்டம்பர் 15ஆந் தேதி டாங்கிகள் முதல் தடவையாகக் களத்தில் தோன்றின. புறப்படும் இடத்தை அடைந்தவை சுமார் முப்பதுதான். ஆனால் ஒவ்வொரு நல்ல நாளுக்கும் பின்னே பல கெட்ட நாட்கள் வந்தன. நவம்பரில் யுத்தம் ஓய்ந்தபோது, அதிகபட்சம் பத்து கிலோமீட்டர் நிலத்துக்குப் பிரிட்டிஷ் தரப்பில் மட்டும் சுமார் 4,20,000 பேர் சேதமாயிருந்தார்கள். ஜெர்மானியரும் ஏராளமாக இழந்தார்கள், அவர்களும் கற்றார்கள். சோம் இல்லாமல் விமி இல்லை என்று சரித்திரக்காரர் சிலர் வாதிக்கிறார்கள். அது மெய்யே; என்றாலும் கற்றது சேனை என்ற பெயர், கட்டணம் செலுத்தியவர்கள் அந்தப் பெயருக்குள் இருந்த மனிதர்கள்; இருவரும் ஒருவரல்லர் என்பதை அந்த வாதம் மறைக்கக் கூடாது.

அமியான் நகருக்குக் கிழக்கே, சோம் நதி சதுப்புக்களுக்கிடையே வளைந்து வளைந்து போகும் பகுதியில், லெ ஹாமெல் என்ற சிற்றூர் இருக்கிறது. 1918 மார்ச்சில் ஜெர்மானியர், தாம் கற்ற புதிய முறைகளால், ஐந்து மணி நேரக் குண்டுவீச்சுக்குப் பின் இரண்டாண்டாக இழந்த நிலத்தைச் சில வாரங்களில் மீட்டு, அமியானின் வாசல்வரை வந்து, அங்கே மூச்சிழந்து நின்றார்கள். ஜூலை 4ஆந் தேதி ஹாமெலைத் திரும்பப் பிடித்தவர் ஜான் மொனாஷ், ஆஸ்திரேலியர், பாலங்கள் கட்டிய எஞ்சினியர். தொண்ணூறு நிமிஷத்தில் முடிக்கத் திட்டமிட்டார். தொண்ணூற்று மூன்று நிமிஷத்தில் முடிந்தது. டாங்கி வரும் ஓசையை மறைக்க விமானங்கள் தாழப் பறந்தன. முன்னேறியவர்களுக்குத் தோட்டாக்கள் பாராசூட்டில் இறங்கின. முன்பு ஆயிரம் பேர் தோளில் சுமந்த பண்டங்களை நாலு டாங்கிகள் கொண்டுபோயின. பக்கத்து ஊரான வில்லர்ஸ் பிரெத்தனூவில், ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாகாணத்துக் குழந்தைகள் காசு சேர்த்துக் கட்டிக்கொடுத்த பள்ளிக்கூடம் இருக்கிறது. ஆஸ்திரேலியாவை ஒருநாளும் மறவோம் என்ற கருத்தில் அமைந்த வாசகம் அங்கே எழுதப்பட்டிருக்கிறது. பிள்ளைகள் அதன் கீழேதான் விளையாடுகிறார்கள்.

ஆகஸ்ட் 8ஆந் தேதி விடியுமுன் நாலே கால் மணியளவில், மூடுபனியில், ராலின்ஸனின் சேனை அமியானிலிருந்து கிழக்கே எழுந்தது. முன்கூட்டிக் குண்டுவீச்சே இல்லை. முன்னாட்களில் பீரங்கி ஒன்று குறியை அறியச் சில குண்டுகள் சுட்டுப் பார்க்க வேண்டியிருந்தது; அதுவே எதிரிக்கு எச்சரிக்கையாகும். இப்போதோ ஒவ்வொரு பீரங்கியின் வேகமும் தனித்தனியே அளக்கப்பட்டு, காற்றின் திசையும் வெப்பமும் நாளில் பலமுறை கணக்கிடப்பட்டு, தேசப்படத்தைக் கொண்டே முதல் குண்டு இலக்கில் விழும் நிலை வந்திருந்தது. 1917 நவம்பரில் காம்ப்ரேயில் சோதித்த இந்த முறை இங்கே பூரணமாயிற்று. எதிரியின் 530 பீரங்கிகளில் 504இன் இடம் முன்னரே தெரியும். ஐந்நூறுக்கும் மேற்பட்ட டாங்கிகள் வந்தன. கனடியர் ரகசியமாக இரவுகளில் இங்கே கொண்டுவரப்பட்டார்கள். அவர்கள் வடக்கே இருப்பதாக நம்பச் செய்யப் பொய்யான கம்பியில்லாத் தந்திச் செய்திகள் அனுப்பப்பட்டன. அன்று மாலைக்குள் சில இடங்களில் பதின்மூன்று கிலோமீட்டர் முன்னேற்றம். நவ் ஷப்பெலில் கண்ட திடீர்த் தாக்குதலும் புகைப்படமும் அளந்த குண்டும்தான் இங்கேயும் இருந்தன. ஏறக்குறைய மூன்று வருஷமும் ஐந்து மாதமும் கழித்து, அவற்றைச் செய்யத் தேவையான பீரங்கியும் கணிதமும் பயிற்சியும் சேர்ந்துவிட்டன. தந்திரத்தால் மட்டும் வெற்றி வந்தது என்று சொல்வது நியாயமாகாது. கடல் முற்றுகையால் ஜெர்மனி பசித்திருந்தது, அமெரிக்கர் லட்சக்கணக்கில் வந்திறங்கினார்கள், மார்ச்சுத் தாக்குதலில் ஜெர்மன் சேனை தன் சிறந்த வீரர்களை இழந்துவிட்டிருந்தது.

ரிக்வாலுக்கு நான் போனபோது மழை விட்டிருந்தது. நெப்போலியன் காலத்தில் வெட்டிய ஸான் காந்தான் கால்வாய் இங்கே ஆழமான வெட்டுக்குள் ஓடி, பெலிக்கூர் அருகே மலைக்கடியில் ஐந்தரைக் கிலோமீட்டருக்கு மேல் சுரங்கமாகப் புகுகிறது. இருபுறமும் செங்குத்தான கரைகள். கரைகளில் அடர்ந்த மரங்கள். மேலே ஒற்றை வளைவுச் செங்கல் பாலம். ஹிண்டன்பர்க் வரிசை என்ற ஜெர்மன் அரண் வரிசையின் முதுகெலும்பு இந்தக் கால்வாய்தான். 1918 செப்டம்பர் 29ஆந் தேதி, நீரையும் கரைகளையும் முள்கம்பியையும் கான்கிரீட் துப்பாக்கிக் கூடுகளையும் கடந்து, நேராகத் தாக்கும்படி ராலின்ஸன் உத்தரவிட்டது 46ஆவது டிவிஷனுக்கு.

ஆகஸ்டில் கைப்பற்றிய ஜெர்மன் வரைபடங்களில் ஒவ்வொரு அரணும் குறிக்கப்பட்டிருந்தது; பீரங்கிகள் லட்சக்கணக்கான குண்டுகளை அந்த அரண்கள்மீது இறக்கின. ஆங்கிலக் கால்வாயைக் கடக்கும் கப்பல்களிலிருந்து வாங்கிவந்த சுமார் 3,000 உயிர்காப்பு மிதவைகளை மார்பில் கட்டிக்கொண்டு, மடக்குப் படகுகளும் கயிற்று ஏணிகளும் சுமந்து, மூடுபனிக்குள் ஸ்டாஃபர்ட் பட்டாளத்தார் நீரில் இறங்கினார்கள். நீந்தத் தெரியாதவர்களும் இறங்கினார்கள். ஒரு காப்டனும் ஒன்பது பேரும் பாலத்தை நோக்கி ஓடி, வெடிவைத்துத் தகர்க்கக் காத்திருந்த ஜெர்மானியரை மடக்கிப் பாலத்தைக் காப்பாற்றினார்கள். பின்வந்த பட்டாளங்கள் முன்னவர்களைத் தாண்டிச் சென்றன. பிற்பகலுக்குள் 4,200 பேர் கைதிகளானார்கள். டிவிஷனின் சேதம் சுமார் 800. மூன்று நாள் கழித்து எடுத்த புகைப்படமொன்று பிரசித்தமானது: பாலத்தின் மேல் நின்று பிரிகேடியர் பேசுகிறார், கரைச்சரிவு முழுவதும் மிதவைகளோடு ஆயிரக்கணக்கான முகங்கள். அந்த முகங்களில் ஹோஹென்ஸொல்லர்ன் கொத்தளத்தைக் கண்ணால் கண்டவர்கள் மிகச் சிலராகவே இருந்திருப்பார்கள்.

பாலத்தின்மீது நின்று கீழே ஓடும் பச்சை நீரைப் பார்க்கும்போது, போர்க்குணம் இல்லாதவர்கள் என்று இகழப்பட்ட படைக்கு நீதி கிடைத்துவிட்டது என்ற மனநிறைவு எனக்கு உண்டாகத்தான் செய்தது. 1916இல் அவர்களுக்குக் கிடைக்காதவை எல்லாம், வரைபடமும் குண்டும் பயிற்சியும், 1918இல் கிடைத்தன. கொடுத்தால் செய்துகாட்டும் மனிதர்களாகவே அவர்கள் எப்போதும் இருந்தார்கள். ஆனால் இங்கிருந்து சில கிலோமீட்டர் வடக்கே போனி என்ற ஊரில் அமெரிக்கரின் கல்லறைத் தோட்டம் ஒன்று இருக்கிறது: 1,844 வெண்பளிங்குக் குறிகள், அளந்து வைத்த வரிசைகள். அதே செப்டம்பர் 29ஆந் தேதி, கால்வாய் சுரங்கமாகச் செல்லும் பகுதியில், நீர்த்தடையே இல்லாத இடத்தில், மொனாஷின்கீழ் தாக்கிய அமெரிக்க 27ஆவது டிவிஷனின் வீரர் பலர் இங்கே கிடக்கிறார்கள். இரண்டு நாள் முன் முன்னரண்களைப் பிடிக்க முயன்று அவர்கள் தோற்றிருந்தார்கள். அங்கே காயம்பட்டுக் கிடக்கக்கூடிய சகாக்களின்மீது குண்டு விழக் கூடாதென்று, குண்டுத்திரையை ஆயிரம் கெஜத்துக்கு அப்பாலிருந்தே தொடங்கினார்கள். ஒருநாள் அவகாசம் வேண்டுமென்று மொனாஷ் கேட்டார். ராலின்ஸன் கூடுதல் டாங்கிகள் தந்தாரேயன்றி அவகாசம் தரவில்லை. திரை இல்லாமல் நடந்தவர்கள் இயந்திரத் துப்பாக்கிகளின் முன் விழுந்தார்கள். சில இடங்களில் ஊடுருவிப் போனவர்களும், கடந்த நிலவறைகளைச் சோதித்து ஒடுக்காமலே முன்சென்றபடியால், பின்னிருந்து எழுந்த எதிரியால் சுடப்பட்டார்கள். பின்னால் எதிரியை விட்டுவைக்கலாகாது என்பது தியெப்வால் மேட்டில் 1916 ஜூலை முதல் தேதியன்றே கற்ற பாடம். அதைச் சொல்லிக்கொடுப்பதற்காகவே அனுபவமுள்ள ஆஸ்திரேலிய அதிகாரிகளும் ஹவில்தார்களுமாக இருநூறுக்கு மேற்பட்டவர்களை மொனாஷ் அமெரிக்கப் பட்டாளங்களுக்கு அனுப்பியிருந்தார். அவர்களுக்குக் கிடைத்தது ஒரு வாரமும் ஆகாத சில நாட்களே.